உள் தகடு

ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கிறான். லாரி ஓட்டினவரோ வீட்டில் உட்கார்ந்து ரிமோட் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அவர் என் அக்கா புருஷன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வளைவில் அவர் ஓட்டிய லாரி கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேன் அந்த இடத்திலேயே போய்விட்டார். மாமாவுக்குத் தோள்பட்டையில் அடி, அவ்வளவுதான். கண்மண் தெரியாத வேகம் என்று லாரிக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. நாளைக்கு விசாரணை. வேகம்தான் காரணம் என்று முடிவானால் லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு.

அக்கா போனில் அழுதாள். வக்கீலைப் பார்க்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாராம். நாள் பூராவும் அந்தப் பொம்மையை அறுப்பதும் ஒட்டுவதுமாக இருக்கிறாராம். வந்து நாலு வார்த்தை கேளுடா என்றாள். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நாலு என்ன, நாற்பதே கேட்டேன். அக்கா தலையில் கல்லைப் போட்டது போதாதா, அந்த லோடுமேன் பெண்டாட்டி இந்தக் கூத்தைப் பார்த்தால் காறித் துப்பமாட்டாளா என்று பொரிந்து தள்ளினேன்.

மாமா ரிமோட்டைக் கையில் எடுத்தார். கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு வரைந்திருந்தார். பொம்மையின் மேல்கூடு தனியாகக் கிடந்தது. அடியில் இருக்கும் சேஸிஸ் சட்டங்கள் இரண்டையும் நடுவில் அறுத்து, ஒரு விரல் நீளத்துக்குத் துண்டு வைத்து நீட்டியிருந்தார். மேலே லோடுக்கு உப்புப் பொட்டலங்கள். வேகம் கூடாமல் குறையாமல் இருக்க ரிமோட்டின் விசையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்.

"அறுக்கிறதுக்கு முன்னாடி இதே வேகத்துல, இதே லோடோட இருபது தடவை ஓட்டினேன். ஒரு தடவைகூடக் கவிழல. இப்போ பாரு" என்றார்.

லாரி வளைவுக்கு வந்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் சட்டம் முறுக்கிக்கொண்டது. உப்பு ஒரு பக்கமாகச் சாய, பொம்மை மல்லாந்துவிட்டது.

நான் குனிந்து ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தேன். அக்காதான் கேட்டாள், உங்கள் லாரியையும் இப்படி நீட்டியிருந்தார்களா என்று. ஆமாம், கூடுதல் லோடு ஏற்ற முதலாளி போன வருஷம் நீட்டினார் என்றார் மாமா.

சொல்லிக்கொண்டே பொம்மையை நிமிர்த்தி, ஒட்டுக்கு உள்பக்கம் இரண்டு சட்டத்திலும் ஒரு சின்னத் தகடு வைத்துத் திருகினார். மறுபடியும் விட்டார். சமர்த்தாக வளைந்து போனது. நாலு தடவை விட்டார், நாலு தடவையும் போனது.

"இந்த உள் தகட்டைப் போட்டிருந்தா அவர் இன்னைக்கு இருந்திருப்பார்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு மாதமாகத் தன் கைதான் ஓர் உயிரை எடுத்ததோ என்று செத்துப் பிழைத்திருக்கிறார் மனுஷன். அது தெரியாமல் என்ன பேச்சுப் பேசிவிட்டேன்.

அக்காவுக்கு உயிரே வந்துவிட்டது. இதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நாளைக்கு ஓட்டிக் காட்டுங்கள், தகடு போடாமல் ஏமாற்றிய பாவி யாரென்று பேரைச் சொல்லுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

மாமா என் பக்கம் திரும்பாமல் ஸ்குரூ டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி எங்க கொடுத்துச் செஞ்சாரோ, எனக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சாலும் போனவர் திரும்பி வரப்போறாரா? செஞ்சவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்."

பிறகு ஒவ்வொரு திருகாகக் கழற்றி, எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

மறுநாள் விசாரணையில், வேகமாகத்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்படியே போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா விசாரணை நடந்த ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தப் பார்த்தேன், எழவில்லை.

"நீயும் வெல்டிங் பட்டறைதானேடா வச்சிருக்கே. அந்த லாரிக்குத் தகடு போடாதவன் எவன்னு உன் ஆளுங்ககிட்ட விசாரிச்சாவது சொல்லேன்டா."

அவசரம் என்று முதலாளி பறந்ததில், உள் தகடு போடாமல் அந்த லாரியை நீட்டிக் கொடுத்தது நான்தான்.

"விசாரிச்சுச் சொல்றேன்க்கா" என்றேன்.