நட்சத்திரம் போட்ட சொல்

மகாஜனங்களே! எழுதி வைக்காமலே மறைந்துபோன ஆதி ஸ்லாவிய மொழியின் சொற்களை அதன் வாரிசு மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த தொல்சொல் மையம், இனி காலமானவர்களின் கடைசிச் சொல்லையும் வாரிசுகளின் வாயிலிருந்தே மீட்டுத் தரும்!

அப்பாவின் முதல் திதிக்குப் படத்துக்கடியில் எழுத அந்தச் சொல் வேண்டுமென்று, பூங்கோதை தன் இரண்டு அண்ணன்களோடு மையத்தின் சேலம் கிளைக்குப் போனாள்.

"கடைசியா, 'மாறா, வாடா'ன்னு என்னைக் கூப்புட்டாருங்க" என்றார் பெரியவர், மூத்த அண்ணன்.

"உன்னை எதுக்குக் கூப்புடறாரு? 'வந்துட்டியா சின்னவனே'ன்னு எங்கையத்தான் புடிச்சாரு" என்றார் சின்னவர்.

பூங்கோதை தயங்கினாள். அப்புறம் அவளும், "'கோதை, வாம்மா'ன்னாருங்க" என்றாள்.

இயந்திரம் மூன்றையும் ஒப்பிட்டு, முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு '*வா' என்று அச்சடித்துக் கொடுத்தது.

"நட்சத்திரம் எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"யாரும் காதால கேட்டதில்ல, நாங்களா கணிச்சதுன்னு அர்த்தம்மா. எல்லாச் சொல்லுக்கும் போடுவோம், வெறும் சம்பிரதாயம்" என்றார் அலுவலர்.

சின்னவர் தரையைப் பார்த்தார். "அதை மட்டும் அழிச்சுட்டு பிரேம் போட்டுத் தர முடியுங்களா?" என்றார் பெரியவர்.

பூங்கோதை விசும்பி அழுதாள். பாசம்தான் என்று நினைத்து அலுவலர் தண்ணீர் கொடுத்தார்.

அப்பா செத்தபோது முதியோர் இல்லத்து அறையில் மூவரில் ஒருவரும் இல்லை.