கறுப்புப் படம்

லென்ஸ் மூடியைக் கழற்றாமலே அந்த அம்மாள் படம் எடுத்ததும் மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

“மேடம், மூடி போட்டிருக்கு.”

“தெரியும்,” என்றார் பத்திரிகையின் படப்பிரிவுத் தலைவி, நிமிர்ந்தும் பார்க்காமல்.

மச்சினனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாலத்துக்கு அடியில், வெள்ளத்தில் கைநீட்டும் தீயணைப்பு வீரரின் அந்தப் படத்தை எடுத்தவருக்குத்தான் இங்கே வேலை. அன்றைக்கு இருவரும் தோளோடு தோள் நின்று எடுத்து, ஒரே கம்ப்யூட்டரில் கொட்டினார்கள். எந்தப் படம் யார் கேமராவில் எடுத்தது என்ற விவரம் அழிந்துபோய், இருவரும் தன்னுடையது என்று ஒரே படத்தை அனுப்பித் தொலைத்தார்கள். ஒரு மாதமாக அக்காள் வீட்டுப் பக்கமே அவன் போகவில்லை.

“அக்கா முகத்துக்காகப் பாக்கறேன் மாமா, இல்லேன்னா...”

“இல்லேன்னா என்னடா கிழிச்சுடுவே? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கறியா?”

“சண்டையை வெளியில வெச்சுக்குங்க,” என்றார் தலைவி. “இருட்டுல ஒவ்வொரு கேமராவும் அதுக்குன்னு ஒரு மாதிரி நிறத்தை மாத்தும், புள்ளி தள்ளும். அந்தப் புள்ளிங்க இடம் மாறாது. அதுதான் அதோட கைரேகை. நான் எந்தக் கேமரா வாங்கினாலும் முதல்ல ஒரு கறுப்புப் படம் எடுத்து வெச்சுக்குவேன்.”

வெள்ளப் படத்தின் இருண்ட பகுதியைத் திரையில் வெளிச்சமாக்கினார். பாலத்தடிச் சுவரின் பழுப்பு நிறம் ஊதாவாகத் திரும்பியிருந்தது. அதன் நடுவே மூன்று சிவப்புப் புள்ளிகள்.

மச்சினனின் கறுப்புப் படத்தில் சிவப்பே இல்லை. மங்கல் வெளிச்சத்தில் தலைவி அவன் கேமராவில் எடுத்துப் பார்த்த ஒரு பழுப்பு அட்டையும் பழுப்பாகவே இருந்தது.

மாமாவின் கேமராவில் அட்டை ஊதாவாக விழுந்தது. கறுப்புப் படத்தில் அதே இடத்தில் அதே மூன்று புள்ளிகள்.

“பாத்தியாடா?” மாமா மேஜையில் ஓங்கித் தட்டினார். “இனிமே கேமராவைத் தூக்கிட்டு என் பின்னாடி வந்தே, காலை உடைச்சுடுவேன்.”

இந்த ஆளிடம் போய்த் தோற்றோமே என்று மச்சினனுக்கு ஆத்திரமாக இருந்தது.

தலைவி மாமாவின் கேமராவைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கேமரா நம்பர் இருக்க வேண்டிய இடம் யாரோ சுரண்டியது போல் சொரசொரவென்று இருந்தது.

“இது கை மாறி வந்த கேமராவா?”

“என்ன மேடம், இவனுக்காகக் கொக்கி போடறீங்களா? நாலு வருஷமா என்கிட்டதான் இருக்கு. பெட்டியைப் பிரிச்சதே நான்தான். என் பொண்டாட்டியைக்கூடத் தொட விட்டதில்லை.”

“அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

மாமா மீசையைத் தடவிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். தலைவி அதை இரண்டு முறை படித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு திரையில், தான் எடுத்து வைத்திருந்த பழைய கறுப்புப் படம் ஒன்றைத் திறந்தார். அதிலும் அதே மூன்று சிவப்புப் புள்ளிகள்.

மேஜை டிராயரிலிருந்து ஒரு கேமரா சார்ஜரை எடுத்து மாமாவின் முன்னால் வைத்தார்.

“இது எதுக்கு மேடம்?”

“என் கார் கண்ணாடியை உடைச்சப்போ, இதை மட்டும் விட்டுட்டுப் போயிட்டீங்க.”