விட்டுப்போன தொட்டி

களமருதூர் கிராம சபை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கிறது. பந்தல் கிழிசலில் இறங்கும் வெயில், ஜூலியாவின் மடியிலுள்ள ஆய்வுக் கட்டுரையின் மேல் நடுங்குகிறது. கல்லூரியில் நச்சியல் பாடம் நடத்தும் அவள் ஒரே அட்டவணையில் விரலை ஊன்றியிருக்கிறாள். ஏரியில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கச் சொல்லி அருகில் உட்கார்ந்திருக்கும் அவள் அண்ணன் ஆல்பின் எழுதிய மனுவில் இந்தக் கட்டுரைதான் முதல் சான்று.

“பிளாஸ்டிக் தூளு போட்ட தொட்டியில மீனெல்லாம் செத்துப்போச்சுன்னு போட்டிருக்கான். இன்னும் இன்னா வேணும்?”

“அந்தத் தூளுல கிருமி வளராம இருக்க மருந்துத் தண்ணியில போட்டு ஆய்வுக்கூடத்துக்கு விக்கிறாங்கண்ணா. இவங்க கழுவாம அப்படியே ஊத்தியிருக்காங்க. வெறும் மருந்துத் தண்ணிய ஊத்தி ஒரு தொட்டி வெச்சுப் பாக்கவேயில்ல. மீனக் கொன்னது தூளா, மருந்தா?”

ஆல்பின் அட்டவணையை எட்டிப் பார்க்கிறான். வயலில் புதுப் பூச்சிமருந்து அடிக்கும்போதெல்லாம் ஒரு பாத்தியை அடிக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பவன் அவன்.

“அப்ப பிளாஸ்டிக்கு நல்லதா?”

“நல்லதுன்னு நான் சொல்லல. இத நம்பிப் போனா, கொட்டறவன் ஒரே கேள்வியில ஒன்ன உக்கார வெச்சிடுவான்.”

ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிடுகிறார்கள். முதல் சான்றைப் பேனாவால் அடித்துவிட்டு, காலையில் ஏரியிலிருந்து வாரிய பிளாஸ்டிக் மூட்டையைத் தோளில் ஏற்றுகிறான். ஏரித்தண்ணீர் சொட்டச் சொட்ட மேடைக்கு நடக்கிறான்.