பாமினி எழுத்தில்

முதல் சொல் தமிழாக மாறியதும் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அக்கா.

ஒரு நிமிடம் முன்புவரை திரையில் அது mf;fh என்று கிடந்தது.

“பிள்ளை, இது பாமினி எழுத்தெல்லோ! இதைக் குப்பையெண்டே அழிச்சனீர்?” என்றார் குகதாசன் அண்ணை. பாரிசில் கணினிக்கடை வைத்திருப்பவர். அவளுக்கு இணையப் பக்கம் செய்துகொடுத்தவரும் அவர்தான்.

பத்து வருடத்துக்கு முன்பு அந்தப் பக்கம் வெறும் சுவரொட்டி. தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்த சனநெரிசலில் அவள் கையைவிட்டுப்போன தம்பி நிமலனின் படம். கீழே, ‘கண்டவர்கள் அறியத்தரவும்.’ அந்த எழுத்தையும் படமாகத்தான் ஒட்டியிருந்தார்கள்.

பார்க்கலாம். பதில் சொல்ல முடியாது.

பிறகு, யாரும் எழுதலாம் என்று படத்துக்குக் கீழே ஒரு பெட்டி வைத்துக் கொடுத்தார் அண்ணை.

அவளுக்கு என்ன சந்தோசம்! வேலைக்குப் போகுமுன் பெட்டி. வந்ததும் பெட்டி.

விழுந்ததெல்லாம் மருந்து விளம்பரம், லொத்தர்ப் பரிசு, விளங்காத கிறுக்கல். தம்பியின் முகத்துக்குக் கீழே இந்தச் சனியன்களா என்று ஆத்திரம் வந்தது. உடனுக்குடன் அழித்தாள்.

பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் அப்படித்தான் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

பெட்டியில் விழுபவற்றுக்கு மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வரும். அந்தப் பழைய பிரதிகளைத்தான் அண்ணை இப்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார்.

நான்கு கிறுக்கல்கள்.

நான்கும் நிமலன்.

கடைசியாக வந்தது கிளிநொச்சியிலிருந்து. இறுதிப்போருக்கு மூன்று வருடம் முன்பு.

‘அக்கா, மூண்டு தரம் எழுதினன். மூண்டையும் அழிச்சுப்போட்டாய். அண்டைக்கு உன்ர கையை உதறிப்போட்டு ஓடினதுக்கு இன்னும் கோவமோ? இனிக் கரைச்சல் தரமாட்டன்.’

அண்ணை தேதியைப் பார்த்தார். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அங்கேயே இருந்து பாமினி விசைகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனுக்கு விளங்கும் எழுத்திலேயே, ‘கையை விட்டது நான்தானடா’ என்று பெட்டியில் எழுதினாள்.

இப்போதெல்லாம் அவள் எதையும் அழிப்பதில்லை.

மருந்து விளம்பரம் விழுந்தாலும் பாமினியாக மாற்றிப் பார்க்கிறாள். தமிழ் எழுத்துகள் வருகின்றன. சொல் ஒன்றும் வருவதில்லை.

கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.