ஏழடி நிலை

கார் நின்ற இடத்தில் வெயில் நிற்கிறது. புது ஜன்னல் வழியே வந்து, ஈரம் காயாத பூச்சின் மேல் சாய்ந்து, ஆயில் கறை இருந்த மூலையில் பதித்த வெள்ளை டைல்ஸில் பளீரென்று தெறிக்கிறது. "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று கொத்தனார் கூப்பிட்டதும் மகளும் மனைவியும் நானும் ஓடுகிறோம். இத்தனை வருஷம் ஹால் சோபாவிலேயே படித்து, அதிலேயே தூங்கிய மகள், "கட்டில் இங்க, மேசை அங்க!" என்று வெளியிலிருந்தே கத்துகிறாள். புது வாசல் நிலையைத் தாண்டும்போது தலையைக் குனிகிறாள். பின்னாலேயே மனைவி குனிகிறாள். நானும் குனிகிறேன். கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "ஏழடி நிலைங்க! யானையே போகலாம். எதுக்குக் குனியறீங்க?" இதே வாசலில் பாதியிலேயே சிக்கி நின்ற கார் ஷெட்டின் பழைய ஷட்டரில் பன்னிரண்டு வருஷம் இடித்து நெற்றி வீங்கிய குடும்பம் இது. அதை அறுத்து எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது. வேலைக்கு வந்த கொத்தனாரும் அதில் இரண்டு முறை இடித்துக்கொண்டவர்தான். மகள் வெளியே ஓடிப்போய், மோவாயைத் தூக்கிக்கொண்டு மறுபடி நுழைகிறாள். "இது என் ரூம்!" குரல் வெற்றுச் சுவர்களில் மோதி நாலு மடங்காகத் திரும்புகிறது. "அப்படிப் போடு!" என்று சிரித்தபடியே கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொத்தனார் வெளியே போகிறார், வாசலில் நன்றாகக் குனிந்து.