மக்கின் அடிப்பக்கம்

மாடம்பாக்கம் சிவன் கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கோவிலம்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் பெரியம்மா பொன்னியம்மாள், செருப்பைக் கழற்றும்போதே ஆள்காட்டி விரலை நீட்டிவிட்டார்.

மனைவி போன பிறகு நானும் மகன் தனசேகரும்தான். அவனுக்கு வயது முப்பத்தைந்து. இதற்கு முன் வந்த வரன்களெல்லாம் வீட்டைப் பார்த்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனவை. இதுவும் போனால் இனி கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கதவை நான்தான் திறந்தேன்.

அடடா, தரை! சர்க்கரை வாசனைக்கு உள்ளே வந்த சிற்றெறும்பு ஒன்று வழுக்கிக்கொண்டே போய்ப் பூஜை அறை வாசலில்தான் நின்றது. சுவரில் பிடிப்புக் கிடைக்காத பல்லி, வெட்கப்பட்டு ஜன்னல் வழியாக வெளியேறியது.

பெரியம்மா ஃபிரிட்ஜின் தலையைத் தடவி, விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை. கேஸ் அடுப்பை நகர்த்தினார். ஒன்றுமில்லை.

அப்புறம் பாத்ரூமுக்குள் போனார். நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன்.

பிளாஸ்டிக் மக்கைக் கவிழ்த்து அடியைத் தடவினார். எப்பேர்ப்பட்ட வீட்டின் வண்டவாளமும் வழவழவென்று கைக்கு அகப்படும் இடம் அது.

மக்கின் அடியில் தன் முகத்தைப் பார்த்து, குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

காபி போடப் போனேன். தூள் எந்த டப்பாவில் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவரும் கூடவே எட்டிப் பார்த்தார். அதுவும் நல்லதுக்கே ஆயிற்று. அத்தனை டப்பாவும் உள்ளும் புறமும் மின்னின.

“இன்னா சார், ரெண்டு ஆம்பளைங்க கீற வூடா இது? எங்க வூட்டு மருமகளுங்கள இட்டாந்து காட்டணும்!”

தனசேகர் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் ஒரு பாராட்டு.

பெரியம்மா செல்போனை எடுத்துக் கோவிலம்பாக்கத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். பிடித்திருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு என்று பேசி வைத்திருந்தார்களாம். இரண்டாவது வந்துவிடுமோ என்று ரொம்ப நேரம் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டபராவைக் கீழே வைத்தார். “வர்ற தையிலயே வெச்சிக்கலாம், சம்பந்தி.”

வாசலில் சாராக இருந்தவன் சம்பந்தி ஆகிவிட்டேன். அந்த நிமிஷம் தாம்பரம் யார்டில் நின்ற ரயில் எஞ்சின்கள் எல்லாம் எனக்காகச் சேர்ந்து ஊதின.

பக்கத்து வீட்டு ஜெயவேலு குடும்பத்தோடு திருப்பதி போனால், தன் வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். அன்றைக்கும் போயிருந்தார்.