மத்தியானம் படுக்கும் எஞ்சின்

அன்றைக்கும் உச்சிப்பொழுதில் எஞ்சின் படுத்துவிட்டது.

பெத்தணன் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். எஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. மருந்து கலக்கிற அறைகளைக் காலையிலும் மத்தியானமும் தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும். கழுவாத அறைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. வாளியில் மொண்டு ஊற்றினால் மூலையில் ஒட்டிய மருந்துத்தூள் போகாது. அதற்காகவே ஒரு பெட்ரோல் எஞ்சினை வாங்கி, அறைகளுக்கு எட்டாத தூரத்தில் கிணற்றடியில் நிறுத்தியிருந்தார்கள்.

எஞ்சின் படுத்தால் வேலையும் படுத்துவிடும். பெண்கள் வேப்பமரத்தடியில் காலை நீட்டிவிடுவார்கள். வெயில் தணிந்த பிறகு, என்ன மாயமோ, எஞ்சினுக்கு உயிர் வரும்.

அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்து இதே கூத்து.

மானேஜர் லட்சுமிகாந்தத்துக்கு வயிறு எரிந்தது. அவர் முதலாளி கனகசபாபதியின் மைத்துனர். கம்பெனிக்குப் பணம் போட்டது விருதுநகரில் இருந்த லட்சுமிகாந்தத்தின் அப்பா. மருமகன் தொழிலை ஒழுங்காக நடத்துகிறாரா என்று கவனிக்கத்தான் மகனை அங்கே உட்கார்த்தி வைத்திருந்தார். வடக்கே போக வேண்டிய தீபாவளி ஆர்டரோ பாதிகூட முடியவில்லை.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. தினமும் கிணற்றடிக்கே வந்து, அத்தனை பேர் முன்னாலும் பெத்தணனைக் கிழி கிழியென்று கிழிப்பார். "எஞ்சினைப் பாக்கத் துப்பில்லாதவன் மாடு மேய்க்கப் போயேம்லே" என்பதுதான் அதில் கௌரவமான வார்த்தை.

அவர் தலை மறைந்ததும் மரத்தடிப் பெண்களில் மாரித்தாய் ஆரம்பித்துவிடுவாள். "இந்த வேக்காட்டுல நம்மளை உள்ள வச்சுப் பொசுக்கணும்னு நிக்கிறாரே மனுசன், நல்லா இருப்பாரா?"

பெத்தணனுக்கு மட்டும் மோர் வரும், வெள்ளரிப்பிஞ்சு வரும். அவன்தான் தங்களுக்காக ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்பது பெண்களின் கணிப்பு. அவன் ஆமென்றும் சொல்ல மாட்டான், இல்லையென்றும் சொல்ல மாட்டான். மோரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுப்பான்.

லட்சுமிகாந்தத்தின் சந்தேகமும் அதுவேதான். அதனால் அன்று விடியும்போதே எஞ்சின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் பார்க்கப் பார்க்கப் பெத்தணன் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினான். காற்று வடிகட்டியை மண்ணெண்ணெயில் அலசினான். பெட்ரோலைத் துணியில் வடிகட்டி நிரப்பினான். பீச்சுகிற குழாயின் வாயில் அடைத்திருந்த மணலைக் குத்தி எடுத்தான். கடைசியில் மானேஜர், தான் மதுரையிலிருந்து வாங்கி வந்த, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற புது பிளக்கைத் தன் கண் முன்னால் மாட்டச் சொன்னார். ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. காலைக் கழுவல் ஜோராக முடிந்தது. அவரும் நிம்மதியாகக் காபி குடிக்கப் போனார்.

அதே எஞ்சின்தான் இப்போது செத்துக் கிடந்தது.

இந்தத் தடவை அவரே ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பி, பீங்கான் வெடித்த ஒரு கிழட்டு பிளக் கையில் வந்தது.

"காலையில மாட்டுன பிளக் எங்கலே?"

பெத்தணன் இழுத்த கயிற்றைச் சுருட்டி வைத்தான். மடியை உதறச் சொன்னார், உதறினான். தூக்குச்சட்டியைக் கவிழ்த்தார், கம்பஞ்சோறுதான் கொட்டியது. அவனுக்கு வீட்டில் நாலு பிள்ளைகள். இந்த வேலை போனால், மழை பெய்து உழவு தொடங்குகிற அன்றைக்குத்தான் அடுத்த வேலை. அப்படியும் அவன் வாயைத் திறக்கவில்லை.

லட்சுமிகாந்தம் அவனை முதலாளி அறைக்கு இழுத்துப் போனார். "அத்தான், திருடன் அகப்பட்டுட்டான். போலீசுல குடுத்துருவோம்."

கனகசபாபதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் போட்ட சத்தத்தில் மரத்தடிப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பெத்தணன் தின்ற சோறு, பிறந்த ஊர், பெற்ற அப்பன் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஒருவழியாக மூச்சு வாங்கிக்கொண்டு மைத்துனர் பக்கம் திரும்பினார். "போலீசு உள்ள வந்தா லைசென்சையும் தோண்டுவாங்க மாப்பிள்ளை. இவனை நான் பாத்துக்கிறேன். நீங்க காரை எடுத்துக்கிட்டு விருதுநகர் போயி வேற பிளக் வாங்கிட்டு வாங்க. நமக்கு ஆர்டர்தானே முக்கியம்."

காரின் புழுதி அடங்குகிற வரைக்கும் முதலாளி ஜன்னலோரமே நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றியிருந்த புது பிளக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாப்பிள்ளை வாங்கிட்டு வர்றதையே மாட்டிக்க. அதுக்குள்ள வெயில் இறங்கிரும். நாளையிலயிருந்து பிளக் வேண்டாம்லே, வேற எதையாச்சும் கழத்திக் கொண்டா."

பெத்தணன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். "வெளிய பொம்பளையாளுக உங்களை மண்ணை வாரித் தூத்துறாக மொதலாளி. எனக்கு மோர் ஊத்துறாக. கேக்க முடியலை. நெசத்தைச் சொல்லிரட்டுமா?"

"போன வருசம் பக்கத்துக் கம்பெனியில தகரக் கூரை அனலுக்கே மருந்து பத்துனதை நீயும்தானே பாத்தே. மத்தியானம் வேலையை நிறுத்துறேன்னு எங்க மாமாகிட்டச் சொன்னேன். அப்படின்னா கம்பெனியையே நிறுத்திருவோம்னாரு."

முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய மூச்சு விட்டுறாதே. தெரிஞ்சா உனக்கு முந்தி எனக்குத்தான்லே வேலை போகும்."